ரங்கநாதனின் அடைப்புக்குறி

1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ்ப் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கிய எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரில் குடும்பப்பெயர் என்று எதுவும் இல்லை. ‘எஸ்’ என்பது ஷியாளி, அதாவது சீர்காழி. ‘ஆர்’ என்பது தந்தை ராமாமிர்தம். அவருக்கென இடப்பட்ட பெயர் கடைசிச் சொல் மட்டுமே.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் அவர். 1934-இல் வெளிவந்த அவரது பட்டியலாக்க விதிநூல் பெயரைக் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று பிரிப்பதோடு நிற்கவில்லை. ஆளைச் சுட்டும் சொல் முன்னே வரும். எஞ்சியவை அடைப்புக்குறிக்குள் செல்லும்: ரங்கநாதன் (எஸ் ஆர்). ஊரும் தந்தையும் தம் இடத்தில் இருக்க, பெயர் பெயராக நின்றது.

மேற்கோள் மென்பொருள்கள் வேறு வழியில் சென்றன. 1985-இல் உருவான பிப்டெக், பெயரை நான்கு உறுப்புகளாகப் பகுத்தது. அவற்றுள் ஜெர்மானியப் பெயர்களின் ‘ஃபான்’ என்னும் ஒட்டுக்குக்கூடத் தனியிடம் உண்டு, சீர்காழிக்குத்தான் இல்லை. 2006-இல் வந்த சோட்டெரோவிலும் இயல்பாக இருப்பவை கடைசிப்பெயர், முதற்பெயர் என்னும் இரு கட்டங்களே.

முறைசார் மீளாய்வில் இது வெறும் அழகியல் குறை அன்று. பல தரவுத்தளங்களில் தேடும்போது ஒரே கட்டுரை பலமுறை வந்து சேரும். இரட்டிப்புகளை நீக்கிய பின்னரே சல்லடை தொடங்கும். சோட்டெரோ தலைப்பையும் டிஓஐ எண்ணையும் ஒப்பிட்டபின், ஓர் ஆசிரியரின் கடைசிப்பெயரும் முதலெழுத்துமாவது பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. இராமசாமியின் மகன் முருகன் தனியாக எழுதிய கட்டுரை ஒரு தளத்தில் ‘முருகன், இ.’ என்றும், கடவுச்சீட்டு வழக்கைப் பின்பற்றிய மற்றொன்றில் ‘இராமசாமி, மு.’ என்றும் பதிவாகியிருந்தால், மென்பொருளுக்கு அவர் இரண்டு பேர், கட்டுரையும் இரண்டு. மனிதக் கண்ணும் தவறவிட்டால், அதே நோயாளிகள் தொகுப்புக் கணக்கில் இருமுறை எண்ணப்படுவர். சிகிச்சையின் பயன் குறித்த முடிவே அதனால் சாயக்கூடும்.

மாற்றுவழி உண்டு. பிப்டெக்கில் முழுப்பெயரையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் இடலாம். சோட்டெரோவில் ஒற்றைக் கட்டத்திற்கு மாறலாம். ஆனால் அப்போது ‘எஸ். ஆர். ரங்கநாதன்’ என்று உள்ளிட்ட பெயர் அகரவரிசையில் ரங்கநாதனின் இடத்தில் நிற்பதில்லை; ‘எஸ்’ வரிசைக்குப் போய்விடுகிறது.