குடலுக்கு ஒரு புதிய வாயில்



ஒரு மொழியில் எழுதப்பட்டதை மற்றொரு மொழியில் ஆக்கித் தருவது என் தொழில். சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் ஆண்டறிக்கைகளையும் தமிழாக்கிப் பழகிய எனக்கு, சில ஆண்டுகளுக்கு முன்பு தில்லியிலுள்ள ஒரு மருத்துவமனையில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்ல நாவெழவில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருந்தார். கும்பகோணத்துப் பக்கத்தவர். மனைவி காலமான பின் மகனோடு வசிக்க வந்தவர், இந்தி அறியாதவர். மகன் அலுவல் காரணமாக வெளியூர் சென்றிருந்தமையால் நான் அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். மலக்குடலில் புற்றுநோய் என்பது உறுதியாகிவிட்டது. நோயுற்ற பகுதியை முழுவதும் நீக்கிவிட்டு, மேலேயுள்ள குடலின் முனையை வயிற்றின் முன்புறத்தில் திறந்துவைக்க வேண்டும். இனி மலம் அவ்வழியே வெளியேறும். அதை ஏந்த ஒரு பையை அணிந்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் அமைதியாக விளக்கினார். "தம்பி, டாக்டர் என்ன சொல்கிறார்?" என்று பெரியவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

எப்படியோ சொல்லி முடித்தேன். உயிருக்கு ஆபத்து உண்டா என்று அவர் கேட்கவில்லை. "அதை வைத்துக்கொண்டு சுவாமி சந்நிதிக்குப் போகலாமா? பந்தியிலே நாலு பேரோடு உட்காரலாமா?" என்றுதான் கேட்டார். பிறகு, "வேண்டாம் தம்பி, வீட்டுக்குப் போவோம்" என்று எழுந்துவிட்டார்.

அவருக்கு என்ன மறுமொழி சொல்வது என்று தேடிய வேளையில்தான் இச்சிகிச்சையின் வரலாற்றைப் படிக்கத் தலைப்பட்டேன். அவ்வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

வயிற்றைத் திறந்து குடலைத் தொடும் துணிவு நம் நாட்டுக்குப் புதிதன்று. குடலில் அடைப்பு நேர்ந்தால் தொப்புளுக்குக் கீழே இடப்பக்கத்தில் வயிற்றைக் கீறி, குடலை வெளியே எடுத்து, அடைத்திருப்பதை நீக்க வேண்டும் என்று சுசுருத சங்கிதை கூறுகிறது. குடலில் ஓட்டை இருந்தால் பெரிய கட்டெறும்புகளைக் கொண்டு அதன் விளிம்புகளைக் கடிக்கச் செய்து, உடலைக் கிள்ளியெறிந்து, தலைகளைத் தையலாக விட்டுவிடும் முறையையும் அந்நூல் விவரிக்கிறது. ஆயினும் அங்கே திறந்த குடலை மூடுவதே நோக்கம். திறந்தபடியே விட்டுவைத்து, அதையே நிரந்தர வழியாக்கிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் வேறோரிடத்தில், வேறொரு காலத்தில் தோன்றிற்று.

1710-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லித்ரே என்னும் மருத்துவர், பிறந்து ஆறு நாட்களில் இறந்துபோன ஒரு குழந்தையின் உடலைப் பரிசோதித்தார். அக்குழந்தையின் மலக்குடல் பிறவியிலேயே இரண்டு துண்டாகப் பிரிந்து, கீழே வழியின்றி இருந்தது. குடலின் மேற்பகுதியை வயிற்றுச் சுவருக்குக் கொண்டுவந்து திறந்துவிட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்கக்கூடும் என்று அவர் கருதினார். கருதினாரேயன்றி, அவர் அதைச் செய்துபார்க்கவில்லை. அந்த எண்ணம் அறுபத்தாறு ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது.

1776-இல் ரூவான் நகரத்து மது வணிகர் ஒருவர் மலக்குடலில் புற்று வளர்ந்து, வழி முற்றிலும் அடைபட்டு, வயிறு பானைபோல் உப்பித் துன்புற்றார். அக்கால வழக்கப்படி மருத்துவர்கள் அவரைப் பாதரசம் விழுங்கச் செய்தனர். பாதரசத்தின் கனம் அடைப்பைத் தள்ளிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சுமார் இரண்டு பவுண்டு பாதரசம் உள்ளே சென்றது. ஒரு துளியும் வெளியே வரவில்லை. இறுதியில் பில்லோர் என்னும் அறுவை மருத்துவர், வலப்பக்கத்தில் பெருங்குடல் தொடங்கும் இடத்தைத் திறந்துவிடலாம் என்றார். உடன் கலந்தாலோசித்த மருத்துவர்கள் அதற்கு உடன்படவில்லை. நோயாளியே உடன்பட்டார். சிகிச்சை நடந்தது, வயிற்றின் உப்பசம் தணிந்தது. கடற்பஞ்சு ஒன்றைக் கட்டுத்துணியால் இறுக்கிப் புதிய வழிக்கு மூடியாக அமைத்தனர். எனினும் இருபத்தெட்டாம் நாள் அவர் இறந்துபோனார். உடலைப் பரிசோதித்தபோது, அந்தப் பாதரசமே சிறுகுடலின் ஒரு மடிப்பில் தங்கி அதைக் கெடுத்திருப்பது தெரியவந்தது. அறுவையைவிட அதற்கு முந்தைய மருந்தே அவருக்குக் கேடாயிற்று.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருந்த 1793-ஆம் ஆண்டில், பிரெஸ்ட் துறைமுக நகரில் ஆசனவழியின்றிப் பிறந்த ஒரு குழந்தையைத் தியூரே என்ற மருத்துவரிடம் கொண்டுவந்தனர். அவர் முதலில் இறந்த சிசு ஒன்றின் உடலில் முறையைச் செய்துபார்த்துக்கொண்டு, பின்னர் மூன்று நாட்களேயான அக்குழந்தையின் இடப்பக்க அடிவயிற்றைத் திறந்து, குடல் உள்ளே வழுகிச் சென்றுவிடாதபடி மெழுகிட்ட நூலால் பிணைத்து, அதில் வழி அமைத்தார். மயக்க மருந்து இல்லை. கிருமியொழிப்பு முறையும் இல்லை. ஆயினும் அக்குழந்தை பிழைத்தது. நாற்பத்தைந்து வயது வரை வாழ்ந்தது என்று மருத்துவ வரலாறு குறிக்கிறது.

ஒன்று வென்றதால் எல்லாம் வென்றதாகாது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் இச்சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். 1838-இல் புரூசே என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு மருத்துவர் மலக்குடல் நோயால் இறந்தார். அவர் இறப்பால் தூண்டப்பெற்ற அமுசா என்னும் மருத்துவர், அதுவரை நடந்த அறுவைகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து, 1839-இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். வயிற்றறையின் உள்ளுறையைக் கிழிப்பதனால்தான் அழற்சி பரவி நோயாளி இறக்கிறார் என்று கண்ட அவர், அவ்வுறையைத் தொடாமல் இடுப்பின் பின்புறமாகக் குடலைத் திறந்தார். உயிர் தப்புவது எளிதாயிற்று. ஆனால் முதுகுப்புறத்தில் அமைந்த வழியை நோயாளி தாமே பார்க்கவும் முடியாது; துடைத்துக்கொள்ளவும் முடியாது. உயிரைக் காப்பதொன்றே அன்றைய மருத்துவத்தின் கவலையாக இருந்தது என்பதற்கு இது சான்று.

1846-இல் ஈதர் மயக்க மருந்தும், 1867-இல் லிஸ்டர் வெளியிட்ட கிருமியொழிப்பு முறையும் வந்தபின், வழி மீண்டும் வயிற்றின் முன்புறத்திற்கு வந்தது. பின்னர் 1908-இல் லண்டனில் மைல்ஸ் என்பவர் புற்றுநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றினார். அவர் அதுவரை கீழ்ப்புறமாக மட்டும் மலக்குடலை அறுத்தெடுத்த ஐம்பத்தேழு நோயாளிகளுள் ஐம்பத்துநால்வருக்கு நோய் திரும்பிவிட்டது. தம் தோல்வியைத் தாமே எண்ணிப் பார்த்து அச்சிட்டு வெளியிட்ட அம்மருத்துவரின் நேர்மை போற்றத்தக்கது. நோய் மேல்நோக்கியும் பரவுகிறது என்று உணர்ந்த அவர், வயிற்றின் வழியாகவும் கீழ்வழியாகவும் சென்று மலக்குடலை முழுவதும் நீக்கி, இடப்பக்க வயிற்றில் நிரந்தர வழியை அமைத்தார். தொடக்கத்தில் அறுவையினாலேயே பலர் இறந்தனர். நாளடைவில் இரத்தம் ஏற்றும் முறையும் கிருமிக்கொல்லி மருந்துகளும் சேர்ந்து அதைப் பாதுகாப்பான சிகிச்சையாக்கின. 1921-இல் ஆர்த்மான் என்பவர் வேறொரு முறையை விவரித்தார். நோயுற்ற பகுதியை நீக்கி, கீழ்முனையை மூடி உள்ளேயே விட்டு, மேல்முனையை மட்டும் வெளியே கொணரும் அம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நிற்க. உயிர் பிழைத்தவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள்? புதிய வழிக்கு மூடித் திறக்கும் தசை கிடையாது. ஆகவே மலம் தன்போக்கில் வெளியேறும். பஞ்சும் துணியும் தகரக் கிண்ணமும் ரப்பர்ப் பையும் இடுப்புவாரும் கொண்டு சமாளித்தவர்கள் வெளியே வர அஞ்சினார்கள். சிறுகுடலைத் திறந்தவர்களின் துன்பம் இன்னும் பெரிது. உணவைச் செரிக்கும் நீர் அங்கே கசிவதால், அது சுற்றியுள்ள தோலையும் அரித்துப் புண்ணாக்கிற்று. வெளியில் தெரியும் குடலின் பரப்பும் அழன்று வீங்கி அடைத்துக்கொண்டது. 1940-களில் சிக்காகோவில் ஸ்ட்ராஸ் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற கோனிக் என்னும் இரசாயன மாணவர், தோலில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்ப் பை ஒன்றைத் தாமே வகுத்தார். 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் புரூக் என்பவர், சட்டைக் கையின் நுனியை மடித்துவிடுவதுபோல் குடலின் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைத்தார். மிக எளிய அந்த மடிப்பு, குடலின் மென்மையான உட்பரப்பையே வெளியில் காட்டி, அழற்சியைத் தவிர்த்தது; கசிவும் தோலில் படாமல் பைக்குள் விழுந்தது.

அதே 1952-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டர்ன்புல் என்ற மருத்துவர், கராயா என்னும் பிசினின் பொடி ஈரமான தோலிலும் புண்பட்ட தோலிலும் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கிறது என்று கண்டார். கராயாப் பிசின் நம் நாட்டுக் காடுகளின் விளைபொருள். இந்தியில் 'குல்லு' எனப்படும் வெண்ணிறப் பட்டை கொண்ட மரத்திலிருந்து அது வடிகிறது. ஆந்திரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், குஜராத் முதலிய மாநிலங்களின் வறண்ட குன்றுகளில் பழங்குடி மக்கள் அதைச் சேகரிக்கிறார்கள். அம்மாநிலங்களில் வாழும் நேயர்கள் அம்மரத்தைக் கண்டிருக்கக்கூடும். 1970-க்குப் பின் வேறு ஒட்டுப்பொருள்கள் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்தன. எனினும் முதலில் எத்தனையோ பேரின் புண்ணை ஆற்றியது அந்தப் பிசினே.

1954-இல் டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற செவிலி, தம் தங்கை தோரா இச்சிகிச்சைக்குப்பின் வீட்டைவிட்டு வெளியே வர மறுத்ததைக் கண்டார். அதன் பயனாக, தோலில் ஒட்டிக்கொண்டு, பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பை ஒன்றை அவர் எண்ணினார். ஒரு தொழிற்சாலை உரிமையாளர், செவிலியாக இருந்த தம் மனைவி வற்புறுத்தியதால் அதைச் செய்து கொடுத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் பைகளுக்கு அதுவே முன்மாதிரி. 1958-இல் டர்ன்புல் தம்மிடம் சிகிச்சை பெற்ற நார்மா கில் என்ற பெண்மணியையே பிற நோயாளிகளுக்குப் பயிற்சியளிக்க அமர்த்தினார். 1961-இல் அதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியும் அங்கே தோன்றிற்று. நோயைத் தாண்டியவரே நோயாளிக்கு வழிகாட்டும் மரபு அவ்வாறு நிலைபெற்றது.

நம் நாட்டிலும் அம்மரபு உண்டு. மும்பையில் 1975-இல் இத்தகையோருக்கான சங்கம் தொடங்கப்பெற்றது. தமிழருக்கு நெருங்கிய செய்தி வேறொன்றும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். தாமே மருத்துவராயிருந்தும் அவரைக் காக்க இயலாத துயரம் அம்மையார் உள்ளத்தில் பல ஆண்டுகள் கனன்றது. 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் அத்துயரத்தின் பயனே.

இன்று நிலைமை இன்னும் முன்னேறியுள்ளது. குடலின் இரு முனைகளை ஆழத்தில் இணைக்கும் கருவிகள் 1970-களில் பரவின. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு நுட்பமாகப் பிரித்தெடுக்கும் முறையை இங்கிலாந்தின் ஹீல்டு 1982-இல் வெளியிட்டார். ஆகவே பலருக்கு நிரந்தர வழி தேவைப்படுவதில்லை. இணைப்பு ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும் தற்காலிக வழி அமைத்து, பின்னர் மூடிவிடுகிறார்கள். நோய் ஆசனவழியை ஒட்டியிருந்தால் நிரந்தர வழி இன்றும் இன்றியமையாதது. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு நாட்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுவது நலம்.

பெயரின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் 'செயற்கை ஆசனவழி' என்றார்கள். பின்னர் நிலைத்த பெயர் 'ஸ்டோமா'. கிரேக்க மொழியில் அதற்கு வாய் என்பது பொருள். நம் மொழியிலும் வாய் என்பது உண்ணும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. வாயில், வாய்க்கால் என்னும் சொற்களிலெல்லாம் அது வழியையே குறிக்கிறது. அந்தத் திறப்பு உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. எனவே 'குடல்வாய்' என்பதே தகுந்த தமிழ்ச்சொல் எனத் துணிந்தேன்.

மறுவாரம் பெரியவரிடம் சென்று இவற்றையெல்லாம் சொன்னேன். பிரெஸ்ட் நகரத்துக் குழந்தையின் கதையை இருமுறை கேட்டார். "மயக்க மருந்துகூட இல்லாமலா?" என்றார். பின்பு நெடுநேரம் பேசவில்லை. "கோயில் விஷயம் என்ன தம்பி?" என்று மட்டும் கேட்டார். "ஒவ்வொருவர் வயிற்றிலும் உள்ளே இருப்பதுதான் ஐயா, உங்களுக்கு அது சுத்தமாக மூடிய பையில் இருக்கும்" என்றேன். சாஸ்திரம் அறிந்தவன் அல்லன் நான். எனக்குத் தோன்றியது அதுவே.

அவர் சிகிச்சைக்கு உடன்பட்டார். முதல் இரண்டு மாதங்கள் கடினமாகவே கழிந்தன. பை கசிந்த நாட்களில் யாரையும் பார்க்கமாட்டார். பிறகு பழகிக்கொண்டார். ஐந்தாண்டுகள் வாழ்ந்து, முதுமையால் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில் பேத்தியின் திருமணம் நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அமர்ந்திருந்தார். ரசம் இலையைத் தாண்டி ஓடுகிறது என்று பரிமாறுபவரைக் கடிந்துகொண்டார். அதன்பின் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.