ஸ்ரீஹரிகோட்டாவின் நிரலும் அதன் கருவிகளும்

2025 மார்ச் 5 அன்று விக்ரம் 3201, கல்பனா 3201 என்னும் இரு 32 பிட் நுண்செயலிகள் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டன. விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகமும் இணைந்து உருவாக்கியவை இவை. சில்லு உள்நாட்டில் உருவானது என்பதே செய்தியாயிற்று. எனக்கு அதனினும் முக்கியமாகப் படுவது அறிவிப்பில் இடம்பெற்ற மற்றொரு தகவல்: விக்ரமுக்கான அடா மொழிக் கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் அனைத்தும் இஸ்ரோவிலேயே எழுதப்பட்டவை, கல்பனாவோ திறமூலக் கருவிகளோடு இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. ஒரே நாளில் கைமாறிய இரு சில்லுகள், மென்பொருளைப் பொறுத்தமட்டில் இருவேறு கொள்கைகள். இவ்வேறுபாட்டின் வரலாற்றைத் தேடினால் பழவேற்காடு ஏரியின் கரைக்கே வந்து சேர்கிறோம்.

மேசைக் கணினியில் நிரல் எழுதப்படும் இடமும் இயங்கும் இடமும் ஒன்றே. தேவையான பொதியை (பேக்கேஜ் என்பதற்குத் தமிழ்க் கணினியுலகில் வழங்கும் சொல் இதுவே) நிறுவிக்கொள்ளலாம், பிழையானால் நீக்கலாம். உட்பொதி அமைப்பில் அப்படியன்று. நிரல் ஒரு கணினியில் தொகுக்கப்பட்டு, முற்றிலும் வேறான செயலியில் இயங்குகிறது. ஏவப்பட்ட ராக்கெட்டில் எதையும் திருப்பி நிறுவ இயலாது. ஆகவே எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பு, எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்பவையெல்லாம் நிரலின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன.

1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் பி.எஸ்.எல்.வி. ஏவப்பட்டது. அன்று நெல்லூர் மாவட்டத்திலிருந்த அத்தீவு, 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபின் அதில் அடங்குகிறது. ஐ.ஆர்.எஸ். 1இ செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. வழிகாட்டுக் கணினியின் நிரலில் ஒரு பிழை இருந்தது. கட்டுப்பாட்டுக் கட்டளை குறித்த உச்ச அளவைத் தாண்டினால் மட்டுமே அது வெளிப்படும். இரண்டாம் நிலை பிரிந்தபோது நேர்ந்த தடுமாற்றம் அந்த அளவைத் தாண்டச் செய்தது. சொந்தமாக எழுதிய நிரல்தான். ஆயினும் அதன் வரம்பு சோதனைகளில் புலப்படவில்லை. 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி. வெற்றிபெற்றது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவில் ஏரியான் 5 தன் முதல் பயணத்தில், எழும்பிய 40 விநாடியளவில் சிதறியது. இங்கும் வரம்பு மீறலே காரணம். ஆனால் கதை வேறு. ஏரியான் 4இல் நன்கு இயங்கிய நிரற்பகுதி மாற்றமின்றி எடுத்தாளப்பட்டிருந்தது. ஏரியான் 5இன் கிடைத்திசை வேகம் மிகுதியாதலால், 64 பிட் எண் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. அந்தப் பகுதி ஏவலுக்குப்பின் ஏரியான் 5க்குத் தேவையே இல்லாதது என்பதுதான் கொடுமை. அந்நிரல் அடாவில் எழுதப்பட்டது. அம்மொழியில் நிரலின் கட்டமைப்பு அலகுக்கே பேக்கேஜ் என்று பெயர். வெளியே தெரியும் முகமும் உள்ளே இயங்கும் உடலும் அதில் தனித்தனி. ஆயினும் எந்த ராக்கெட்டின் பயணப்பாதையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பதை அந்த முகம் சொல்லவில்லை.

இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்து வாசிக்கையில், 'நாமே எழுதினோம்' என்பதோ 'பிறர் இயக்கிச் சோதித்தது' என்பதோ தனித்துக் காப்பளிப்பதில்லை என்று தெரிகிறது. எனினும் இஸ்ரோ தன் கருவிகளைத் தானே எழுதியதற்குத் தக்க நியாயம் உண்டு. 2009 முதல் ஏவுகலங்களில் பயன்பட்டுவரும் 16 பிட் விக்ரம் 1601இன் வழிவந்தது விக்ரம் 3201. அதன் கட்டளைத் தொகுதி தனித்துவமானது. வேறெவரும் அதற்குக் கம்பைலர் எழுதித்தர மாட்டார்கள். கம்பைலரின் மூலநிரல் கையிலிருந்தால் இருபதாண்டு கழித்தும் ஒரு பழைய நிரலை அதேபோல் மீண்டும் தொகுக்கலாம். விலையும் உண்டு: பயனர் சிலரே என்பதால் கம்பைலரின் பிழைகளையும் அச்சிலரே கண்டுபிடிக்க வேண்டும்.

கல்பனா ஸ்பார்க் வி8 என்னும் பொதுத்தரத்தைப் பின்பற்றுகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் லியான் செயலிகளும் அதே தரத்தவை. 1987இல் தொடங்கிய ஜி.சி.சி. போன்ற கருவிகள் உலகெங்கும் சோதிக்கப்படுவதன் பயன் இவ்வழியில் கிட்டுகிறது. ஆனால் பொதிகள் பிறர் கையில் மாறிக்கொண்டேயிருக்கும். 2010இல் தொடங்கிய யாக்டோ திட்டம் போன்றவை இதற்கென்றே ஒவ்வொரு பொதியின் மூலம், பதிப்பு, சரிபார்ப்பெண் ஆகியவற்றைச் செய்முறைக் கோப்புகளாக எழுதிவைக்கின்றன. மூலநிரல்களின் படியை உள்ளூரிலேயே சேமித்துக்கொள்ளவும் வழிசெய்கின்றன. ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதன்று.

சித்தூர் மாவட்டத்தின் பழைய சத்தியவேடு வட்டாரத்தைத் தொட்டு அமைந்த ஸ்ரீசிட்டியில் 2015 முதல் ஷாவ்மியின் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பொருத்தப்பட்டன. லினக்ஸ் கருவும் எண்ணற்ற திறமூலப் பொதிகளும் சேர்ந்ததே ஆண்ட்ராய்டு. இன்று ஒரே மாவட்டத்துக்குள் அடங்கும் இவ்விரு இடங்களை நம் தொழில்நுட்ப வரலாறு ஒருங்கே எழுதியதில்லை. ஒன்று விண்வெளி வரலாற்றிலும் மற்றொன்று முதலீட்டு வரலாற்றிலும் போய்விடுகிறது.

விக்ரமுக்கான சி மொழிக் கம்பைலர் உருவாகிவருவதாகவும் அதே மார்ச் அறிவிப்பு கூறியது. அது நிறைவுற்றால், சி மொழியில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள நூலகங்களுக்கு அச்சில்லின் கதவு திறக்கும். அவற்றுள் எவை, எந்தப் பதிப்பில், யாருடைய ஒப்புதலோடு உள்ளே வரும் என்பதே இனி கவனிக்க வேண்டியது.