சுவாத்தியமும் வர்க்கமும்: நுவரெலியாக் குளிரின் சமூக வரலாறு

ஈழத்துத் தமிழில் காலநிலையைக் குறிக்கச் 'சுவாத்தியம்' என்றொரு சொல் வழங்குகிறது. உடல்நலத்தைச் சுட்டும் வடசொல்லின் வழிவந்தது அது. 'நல்ல சுவாத்தியமான இடம்' என்று ஒருவர் கூறும்போது இயற்கை பற்றிய செய்தியோடு உடல்நலம் பற்றிய தீர்ப்பொன்றும் உடன் வந்துவிடுகிறது. யாருடைய உடல்நலம் என்பதை மட்டும் அச்சொல் கூறுவதில்லை. நகரங்களைத் தட்பவெப்பத்தின் இதத்தைக் கொண்டு தரப்படுத்தும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. இலங்கையைப் பொறுத்தவரை அவ்வரிசையின் தலையில் நுவரெலியா வைக்கப்படுகிறது. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். 6100 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் சராசரி ஏறத்தாழ 16 பாகை. எண்கள் ஐயத்துக்கு இடமற்றவை. அவற்றிலிருந்து 'இதம்' என்ற முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்பதே நமது வினா.

நிலத்தையும் பொழுதையும் இணைத்து நோக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் உரிமையாக்குகிறது. ஆயின் அங்கு நிலமும் பொழுதும் முதற்பொருளாக, உணவும் தொழிலும் கருப்பொருளாக ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. குளிர், தினைப்புனம் காப்போரின் வாழ்க்கையினின்றும் பிரித்தெடுக்கப்படவில்லை. ஐந்திணையுள் எது வாழ்வதற்கு மிக இதமானது என்று இலக்கணகாரர் கேட்டதுமில்லை. அது நிலத்தில் உழைப்பவனின் வினாவன்று. நிலத்தைத் தெரிவுசெய்யும் வாய்ப்புடையவனின் வினா.

அவ்வினா இங்கு குடியேற்ற ஆட்சியுடன் வந்தது. 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் நீலகிரியில் ஏறினார். அதே ஆண்டில் இராணுவ மருத்துவரான ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டார். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கு மாளிகையும், நோயுற்ற படைவீரர் தேறுவதற்கு நிலையமும் அமைத்தார். 1847இல் காய்ச்சலினால் நலிந்த சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் உடல் தேறினார். அக்குளிரில் இங்கிலாந்தைக் கண்ட அவர், அடுத்த ஆண்டிலேயே ஆங்கிலக் குடியானவர், கால்நடை, கலப்பை ஆகியவற்றுடன் அங்கு குடியேற முனைந்தார். காற்று இங்கிலாந்தாயினும் மண் இங்கிலாந்தாக இல்லை என்பதை அவர் விரைவிலேயே அறிந்தார்! 1873இல் கிரகரி வாவி, 1876இல் ஹில் கிளப், 1889இல் கொல்ஃப் மைதானம் என 'குட்டி இங்கிலாந்து' படிப்படியாக உருப்பெற்றது.

பேக்கர் தேறிய அதே பத்தாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களினின்றும் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோரின் நிலை யாது? 1841க்கும் 1848க்கும் இடையே வந்தோருள் சுமார் 70,000 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மாண்டனர் என 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் கணக்கிட்டது. இக்கணக்கு மிகையெனக் கருதும் வரலாற்றாசிரியரும் உளர். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது சிறிய தொகையன்று. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்த பட்டினியும் கொள்ளைநோயும் அதற்குப் பெருங்காரணங்கள். எனினும் சமவெளியின் வெப்பத்தில் வளர்ந்தோர் மலைக்குளிரைத் தாங்கவில்லை என்ற விளக்கம் தோட்டக்காரருக்கு வசதியாக இருந்தது. வெள்ளையனைப் பிழைக்கவைத்த சுவாத்தியமே கூலியின் மரணத்துக்கும் பொறுப்பேற்றது. முதலாளி மட்டும் பொறுப்பிலிருந்து விடுபட்டார்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மலைகளை மூடியது. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. இக்கட்டத்தில் குளிர் வேறொரு பொருளையும் பெறுகிறது. 4000 அடிக்கு மேல் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் செறிகிறது. தை முதல் பங்குனி வரை வீசும் வறண்ட குளிர்காற்றே திம்புளைத் தேயிலைக்குப் பெயர் தந்தது. தாழ்நிலத் தேயிலை மத்திய கிழக்குச் சந்தையைப் பற்றிக்கொள்ளும்வரை, நெடுங்காலம் 'மேட்டுநிலத் தேயிலை' ஏலத்தில் உயர்ந்த விலை பெற்றது. நிலத்தின் இயல்பினால் கிடைக்கும் மிகைஇலாபம் உடைமையாளனைச் சேர்வதை மார்க்ஸ் வேறுபாட்டு நிலவாடகை என்ற கருத்தால் விளக்கினார். இங்கு குளிரே அவ்வாடகையை ஈட்டியது. அக்குளிரை உடலில் ஏற்றவளுக்கு அதில் பங்கில்லை; அவளுக்குத் தரப்பட்ட கம்பளியின் விலைகூடச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது.

லயத்தை உற்றுநோக்குவது அவசியம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா ஒரு குடும்பத்துக்கு. அடுப்பும் அதற்குள்ளேயே அல்லது முன் ஒட்டிலே, புகைபோக்கி கிடையாது. கதவைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. தகரக் கூரை இரவில் பனியை வாங்கி உள்ளே சொட்டவிடும். தொழிற்சாலையின் மேல்மாடியில், ஈரமான நாள்களில் கொழுந்து வாடுவதற்குச் சூடேற்றிய காற்றுச் செலுத்தப்படுவதை இதனருகே வைத்து எண்ணிப்பார்க்கலாம். பறிக்கப்பட்ட இலைக்குக் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அளந்துபார்த்தனர். பறித்தவளின் காம்பராவில் எவரும் வெப்பமானி தொங்கவிட்டதில்லை.

நுவரெலியா நகரின் ஆண்டு மழை ஏறத்தாழ 1900 மில்லிமீற்றர். அட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளையில் அது 5000ஐத் தாண்டும். தென்மேற்குப் பருவத்தில், இடுப்பில் படங்கு கட்டி, விடியலில் பெரட்டுக்கு நின்று, நனைந்தபடி மலையேறுவோருக்கு மழை என்பது கொழுந்தின் நிறையும் 'அரைப்பேர்' ஆகிவிடுமோ என்ற அச்சமும் ஆகும். சித்திரையில் கொழும்பின் வெக்கைக்குத் தப்பி வசதிபடைத்தோர் நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் மலர்க்கண்காட்சியும் காணக் கூடுகின்றனர். சித்திரை மழையோடு கொழுந்து பெருகி வேலை மும்முரமாகும் காலமும் அதுவே. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் தனியார் முகாமையிடம் மீண்டன. லயங்களிற் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நின்றன.

நுவரெலியாவையும் ஊட்டியையும் சகோதர நகரங்களாக ஒப்பிட்டு எழுதுவோர் பலர். இரண்டிலும் ஏரி, பூங்கா, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வீடுகள். ஆயின் இவ்விரு மலைகளின் குளிரையும் தம் உடலால் ஒப்பிடக்கூடியவர் வேறொரு சாரார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வழிசெய்தது. அவ்வாறு சென்றோருக்கெனத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. அட்டனிலும் மஸ்கெலியாவிலும் கூடை சுமந்தோர் மண்டபம் முகாமின் வெயிலைக் கடந்து, கோத்தகிரியிலும் கூடலூரிலும் அதே பருவமழையில், அதே கூடையுடன், மீண்டும் நிரையிற் போய் நின்றனர்.