சித்தி இளைஞர்களும் ஆப்பிரிக்க மரபும்

சித்திகள் இந்தியாவில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் பல நூற்றாண்டுகளில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். குஜராத்தின் கீர்க் காட்டோரம், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டம், ஹைதராபாத், கோவா, மும்பை ஆகிய இடங்களில் வாழ்கிறார்கள். குஜராத்திலும் மும்பையிலும் இருப்போர் பெரும்பாலும் முஸ்லிம்கள். கர்நாடகத்தில் இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் என மூன்று சமயத்தாரும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழங்குடியினராகப் பதிவான சித்திகள் 19,514 பேர். இவர்களில் 10,477 பேர் கர்நாடகத்திலும் 8,661 பேர் குஜராத்திலும் இருந்தனர். பழங்குடிப் பட்டியலில் இடம்பெறாத பகுதிகளில் வாழ்வோர் இந்தக் கணக்கில் வரவில்லை. மும்பைச் சித்திகள் அப்படி விடுபட்டவர்களே.

இந்தச் சமூகத்தின் இளைய தலைமுறை தன் ஆப்பிரிக்க வேரை அறிந்துகொள்ள உதவும் முயற்சிகள் இந்தியாவில் சில பத்தாண்டுகளாக நடந்து வருகின்றன. அவற்றுள் சிலவற்றைச் சமூகமே நடத்துகிறது. சில வெளியாரின் ஆர்வத்தால் தொடங்கியவை. நெடுநாள் நிலைத்தவை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை.

அந்த முயற்சிகளைப் பார்க்கும் முன் கொஞ்சம் வரலாறு. மும்பையின் வரலாற்றில் சித்திகளின் தடம் ஆழமானது. முருட் ஊருக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிராக் கோட்டையைச் சித்தி நவாபுகள் 1948 வரை ஆண்டார்கள். போர்த்துகீசியர், மராத்தியர், ஆங்கிலேயர் என யாராலும் அதைப் பிடிக்க முடியவில்லை. 1689இல் ஜஞ்சிராவின் சித்தி யாகூத் கான் முகலாயர் சார்பில் பம்பாய்த் தீவின் மீது படையெடுத்து, சிவ்ரியில் இறங்கி, மஜ்காவையும் மாஹிமையும் கைப்பற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனி முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பிடம் மன்னிப்புக் கேட்டு, தண்டம் கட்டிய பிறகே 1690இல் யாகூத் கானின் படை வெளியேறியது. தாராவித் தமிழர்கள் அன்றாடம் கடந்துபோகும் காலா கில்லா, கம்பெனி ஆட்சிக் காலத்தில் தீவின் வடக்கு எல்லையைக் காக்க எழுந்த கோட்டைகளுள் ஒன்று. அந்தக் கோட்டைச் சுவரையும் மாஹிம் கரையையும் பார்த்து வளரும் பிள்ளைகளில் எத்தனை பேர், ஆப்பிரிக்க வம்சாவளித் தளபதி ஒருவர் இந்த நகரத்தை ஓராண்டுக்கு மேல் திணறடித்தார் என்று கேள்விப்பட்டிருப்பார்கள்?

படைத்தலைவர்களின் கதை ஒருபுறம் இருக்க, உழைப்பாளிகளின் கதையும் பம்பாய்க்கு உண்டு. எஸ். எம். எட்வர்ட்ஸ் 1912இல் வெளியிட்ட பம்பாய் பற்றிய நூலில் சித்திகளுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. நீராவிக் கப்பல்களின் உலைக்களத்தில் கரி அள்ளிப் போட்டவர்களும் கப்பல்துறைப் பட்டறைகளில் வேலை செய்தவர்களும் டோங்ரிப் பக்கம் கூடி வாழ்ந்தார்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்கள் பம்பாயிலும், நாசிக் அருகே சரண்பூரில் கிறித்தவ மிஷன் நடத்திய ஆப்பிரிக்கப் புகலிடத்திலும் வளர்க்கப்பட்டார்கள். அங்கே படித்த ஜேக்கப் வெயின்ரைட், டேவிட் லிவிங்ஸ்டனின் உடலுடன் இங்கிலாந்து வரை சென்று, 1874இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்த அடக்கத்தில் பெட்டியைத் தாங்கியவர்களுள் ஒருவரானார். அடிமையாக விற்கப்பட்டு இந்தியாவில் வளர்ந்த சித்தி முபாரக் பாம்பே, விடுதலைக்குப் பின் ஆப்பிரிக்கா திரும்பி, பர்ட்டன், ஸ்பீக், ஸ்டான்லி, கேமரன் ஆகியோரின் பயணங்களுக்கு வழிகாட்டினார். இந்த நகரத்தின் பெயரையே தன் பெயராகச் சுமந்த அவரை இங்கே நினைவுகூர்வோர் மிகக் குறைவு. சித்தி இளைஞர்களுக்கென எந்த மரபுத் திட்டம் வகுத்தாலும் இந்தப் பெயர்களிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

இன்றைய மும்பைச் சித்திகள் நகரத்தில் சிதறி வாழ்கிறார்கள். குஜராத்தில் உள்ள உறவினர்களும், அங்குள்ள பாவா கோர் தர்காவும், ஜமாத் கூட்டங்களும் அவர்களைப் பிணைத்து வைத்திருக்கின்றன. ஆவணப்பட இயக்குநர் பெஹ்ரோஸ் ஷ்ராஃப் மும்பைக்கும் குஜராத்துக்கும் இடையே ஊசலாடும் இந்த அடையாளத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்; சித்திகளின் சொந்தக் குரலில் படங்களும் எடுத்திருக்கிறார். பெருநகரில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அந்தத் தர்காவின் உர்ஸ் விழாவுக்குப் போய்வருவதே மரபுப் பள்ளியாக இருக்கிறது.

அந்தப் பள்ளியின் பாடம் இசையும் ஆட்டமும்தான். பரூச் மாவட்டத்தின் ரத்தன்பூரில் பாவா கோரின் தர்கா உள்ளது. அவரோடு அவருடைய சகோதரி மாய் மிஸ்ராவையும் சித்திகள் வணங்குகிறார்கள். கீர்ப் பகுதியின் ஜம்பூரில் நகார்ச்சி பீரின் தர்கா. இந்த இடங்களில் முகர்மான் என்னும் நின்ற பறையைக் கையால் அடித்து ஆடும் ஆட்டத்துக்குக் கோமா என்றும் தமால் என்றும் பெயர். மலுங்கா என்னும் ஒற்றைத் தந்தி வில் கருவியும் உண்டு; அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். பாடல்களில் சுவாஹிலிச் சொற்கள் கலந்திருக்கின்றன. பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக அவை பாடப்பட்டு வந்திருக்கின்றன. பிள்ளைகள் பெரியவர்களின் வரிசைக்குப் பின்னால் நின்று அடியெடுத்து ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். இதற்குப் பாடத்திட்டமும் கிடையாது, நிதியும் கிடையாது. நூற்றாண்டுகளாக இந்த மரபு அறுபடாமல் வந்ததற்கு இந்த வழிபாட்டு வாழ்க்கையே காரணம்.

2000க்குப் பின் சித்தி கோமாக் குழு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மேடையேறியது. இசை ஆய்வாளர்கள் ஏமி கேட்லினும் நஸீர் ஜைராஸ்பாயும் இதற்குத் துணை நின்றார்கள். வெளிநாட்டு மேடை இளைஞர்களுக்குப் பெருமையைத் தந்தது. தங்கள் தாளத்தை மற்ற ஆப்பிரிக்கர்கள் அடையாளம் காண்பதை நேரில் பார்க்கவும் வைத்தது. அதே கலை கீரில் சிங்கம் பார்க்க வரும் பயணிகளுக்கு விடுதி முற்றத்தில் மாலை வேடிக்கையாகவும் ஆடப்படுகிறது. அந்த வருமானம் அந்தக் குடும்பங்களுக்குத் தேவைதான். ஆனால் இலை உடையும் முகச்சாயமும் பூண்டு ஆடச் சொல்லும் நிகழ்ச்சி இளைஞனுக்குத் தன் மரபைக் கற்பிப்பதில்லை. பிறர் அவனைப் பற்றி வைத்திருக்கும் கற்பனையை அவன் மேல் சுமத்துகிறது.

ஜம்பூரைச் சேர்ந்த ஹீராபாய் லோபியின் வழி வேறு. சித்திப் பெண்களைச் சேர்த்து மகளிர் மண்டலம் அமைத்தார். இயற்கை உரம் தயாரித்து விற்க வைத்தார். சித்திக் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி தொடங்கினார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பண்பாடு என்ற சொல்லை முன்வைக்காத பணி அவருடையது. பசியும் படிப்பின்மையும் நீங்கினால்தான் ஒரு பிள்ளை தன் பாட்டனைப் பற்றிக் கேட்கவே தொடங்கும் என்பதை நினைத்தால், மரபுப் பணிக்கான அடித்தளம் அதுதான்.

கர்நாடகத்தில் முயற்சிகள் இன்னும் பலவகைப்பட்டவை. எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் மூன்று சமயத்துச் சித்திகளும் ஹிரியாரு என்று மூதாதையரை வழிபடுகிறார்கள். தமாம் என்னும் பறை கொட்டி ஆடுகிறார்கள். ஹெக்கோடு நீனாசம் நாடகப் பள்ளியைச் சேர்ந்த சிதம்பரராவ் ஜம்பே, சினுவா அச்சிபியின் புகழ்பெற்ற முதல் நாவலைக் கன்னட நாடகமாக்கிச் சித்திகளையே நடிக்க வைத்தார். நைஜீரிய கிராமம் ஒன்றின் சிதைவை எழுதிய அந்தக் கதையை, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்த ஆப்பிரிக்க வம்சத்தார் தங்கள் உடலாலும் குரலாலும் நடித்துக் காட்டியது இந்திய நாடக வரலாற்றில் பெரிய நிகழ்வு. இந்தத் துறையில் நடந்த முயற்சிகளில் இதையே சிறந்ததாகச் சொல்ல வேண்டும். அதில் சித்திகள் காட்சிப் பொருளாக நிற்கவில்லை, கதைசொல்லிகளாக நின்றார்கள். பின்னாளில் நீனாசமில் பயின்ற பிரசாந்த் சித்தி கன்னடத் திரைப்படங்களிலும், கிரிஜா சித்தி நாடகத்திலும் பாட்டிலும் பெயர் பெற்றார்கள்.

கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைப்பது சித்திப் பெண்களின் கைவேலை. பழைய சேலைத் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்து வந்து, நான்கு மூலைகளிலும் பூப்போன்ற முக்கோண மடிப்பு வைத்து முடிப்பார்கள். மூலைப் பூ இல்லாத போர்வை முழுமையானதாகாது. 2004இல் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி டிரூவல் முதலானோரின் துணையோடு இதற்கொரு கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டது. நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் ஆய்வு மையம் 2011இல் இந்தப் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது.

விளையாட்டின் கதை கசப்பானது. 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் சிறப்புப் பகுதித் திட்டத்தின் கீழ்ச் சித்திச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தது. ஆப்பிரிக்க உடல் என்றால் பதக்கம் வரும் என்ற எதிர்பார்ப்பே அதன் அடிப்படை. கமலா சித்தி போன்ற நல்ல வீராங்கனைகள் உருவானார்கள். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் பாதி வழியில் ஊர் திரும்பினார்கள். இப்போது முண்டகோட்டில் பிரிட்ஜஸ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் என்னும் அறக்கட்டளை உள்ளூரிலேயே பயிற்சியளிக்கிறது. ஊரை விட்டுப் பிரிக்காமல் பயிற்சி தருவது முந்தைய திட்டம் கற்றுக்கொள்ளத் தவறிய பாடம்.

கடல் கடந்தும் சித்திகளுக்கு உறவுகள் உண்டு. இலங்கையின் புத்தளம் அருகே சிறம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சத்தார் போர்த்துகீசியக் கலப்பு மொழிப் பாடல்களை மஞ்சா என்ற பெயரில் பாடி வருகிறார்கள். அங்கும் மொழி மங்கியபின் பாட்டு மட்டுமே எஞ்சியிருக்கிறது. இந்தியாவிலேயே, ஹைதராபாத்தில் நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை தங்கிய பகுதி இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் எனப்படுகிறது, அவர்களின் மர்ஃபா தாளம் நகரத்துத் திருமண ஊர்வலங்களின் இசையாகிவிட்டது. சிதறிய இந்தக் குழுக்களைப் பற்றி ஆய்வாளர்கள் கூடிப் பேச 2006இல் கோவாவில் ஆசியாவின் ஆப்பிரிக்க வம்சாவளியினர் குறித்த மாநாடு நடந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2015 முதல் 2024 வரையிலான பத்தாண்டை ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கென அறிவித்து, 2025 முதல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டியது.

சட்ட ஏற்பும் இந்தத் துறையில் முக்கியமானது. உத்தர கன்னட மாவட்டச் சித்திகள் 2003இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் வந்தபின், சித்தி என்று சொல்லிக்கொள்ளக் கூசாத ஒரு தலைமுறை அங்கே உருவாகியிருக்கிறது. 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடகச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மகாராட்டிரத்தின் பழங்குடிப் பட்டியலில் சித்திகள் இல்லை. மாநில அரசு அந்தக் குறையைச் சீர்செய்ய வேண்டும். மும்பையின் பள்ளிகள், மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளும் மன்றங்களும் உட்பட, யாகூத் கானையும் சித்தி முபாரக் பாம்பேயையும் நகர வரலாற்றுப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.