பெரோஸ் காந்தியின் நாடாளுமன்றப் பணி

பெரோஸ் காந்தி (12 செப்டம்பர் 1912 – 8 செப்டம்பர் 1960) இந்தியாவின் முதல் இரண்டு மக்களவைகளில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்து அலகாபாத்தில் வளர்ந்தவர். 1952இல் ரேபரேலியின் ஒரு பகுதியையும் பிரதாப்கரின் ஒரு பகுதியையும் சேர்த்து அமைத்த தொகுதியிலும், 1957இல் ரேபரேலியிலும் வென்றார். ஜவாஹர்லால் நேருவின் மருமகன், இந்திரா காந்தியின் கணவர் என்ற அடையாளங்கள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. நாடாளுமன்ற வரலாற்றில் அவருக்குள்ள இடம் அந்த உறவால் வந்ததல்ல. அமைச்சர் பதவி எதுவும் வகிக்காமல், ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்தபடியே, இரண்டரை ஆண்டுக்குள் ஒரு பெருந்தொழிலதிபர் மீது விசாரணை வரக் காரணமானார். ஒரு தனிநபர் மசோதாவைச் சட்டமாக்கினார். ஒரு நிதி அமைச்சர் பதவி விலகும் நிலையை உண்டாக்கினார். அந்த நிதி அமைச்சர் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

முதல் மூன்றாண்டுகள் அவையில் அவர் குரல் அதிகம் கேட்கவில்லை. நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் நண்பர்கள் சூழ அவர் அமரும் மூலைக்குத்தான் பெயர் இருந்தது. நேஷனல் ஹெரால்டு, இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆகிய நாளிதழ்களின் நிர்வாகத்தில் இருந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று தெரிந்த உறுப்பினர்கள் அன்றைய அவையில் அதிகம் இல்லை. சுதந்திரப் போராட்டத்திலிருந்து நேரே அவைக்கு வந்தவர்கள் கொள்கை பேசினார்கள். பெரோஸ் கணக்கு பேசினார்.

காப்பீட்டு விவாதம், 1955

1955 டிசம்பரில் காப்பீட்டுச் சட்டத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. தனியார் கைகளில் இருந்த ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களில் பாலிசிதாரர்களின் பணம் முதலாளிகளின் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக இருந்தது. டிசம்பர் 6இல் பேசிய பெரோஸ் அந்தப் புகாரைப் பொதுவாகச் சொல்லிவிட்டு உட்காரவில்லை. ராமகிருஷ்ண டால்மியா குழுமத்தை எடுத்துக்கொண்டு, அதன் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நிதி எந்தெந்தக் கம்பெனிகள் வழியாக எங்கே போய்ச் சேர்ந்தது என்று விவரித்தார். டால்மியா சாதாரண ஆளல்ல. டைம்ஸ் ஆஃப் இந்தியாவை நடத்திய நிறுவனத்தையே 1946இல் விலைக்கு வாங்கியவர்.

அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டத்தின் மூலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. நிதி அமைச்சர் சி.டி. தேஷ்முக் அதை வானொலியில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, 245 காப்பீட்டு நிறுவனங்களையும் பிராவிடண்ட் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. உருவானது. இதை ஒரே உரையின் விளைவு என்று எழுதுபவர்கள் உண்டு. அது மிகை. தொடர்ந்து பல காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்துப்போனதே தேசியமயத்துக்குப் போதுமான காரணமாக இருந்தது. அந்த முடிவை அவையில் யாரும் எளிதில் எதிர்க்க முடியாத சூழலை உண்டாக்கியதுதான் பெரோஸின் பங்கு.

டால்மியா வழக்கு வேறு திசையில் நீண்டது. டால்மியா–ஜெயின் கம்பெனிகளை விசாரிக்க 1956 டிசம்பரில் ஆணையம் அமைக்கப்பட்டது. முதலில் நீதிபதி டெண்டோல்கரும் பின்னர் விவியன் போஸும் அதன் தலைவர்கள். தன்னை மட்டும் தனியே பிரித்து விசாரிப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று டால்மியா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1958இல் வந்த அந்தத் தீர்ப்பு அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்குத் தந்த விளக்கத்தைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பாரத் இன்ஷூரன்ஸ் நிதி தொடர்பான குற்ற வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 1962இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போது பெரோஸ் உயிரோடு இல்லை.

பத்திரிகைகளுக்கான சட்டம், 1956

மேற்சொன்ன உரையிலிருந்தே அடுத்த வேலை பிறந்தது. அவையில் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 105ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. ஆனால் அதே பேச்சை மறுநாள் அச்சிடும் நாளிதழுக்கு அந்தக் கவசம் இல்லை. அவையின் அதிகாரத்தின்கீழ் வெளியாகும் பதிவுகளுக்கு மட்டுமே அந்தப் பிரிவில் பாதுகாப்பு இருந்தது. பெரும் பணக்காரர் ஒருவரின் பெயர் வரும் உரை என்றால் ஆசிரியர்கள் அவதூறு வழக்குக்கு அஞ்சிப் பேனாவை மூடுவது இயல்பு. அவையில் பேசியது வாக்காளரைப் போய்ச் சேராவிட்டால் பேசி என்ன பயன்?

இதற்காக பெரோஸ் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் விவாதத்துக்கு வந்து, அமைச்சர் தரும் உறுதிமொழியோடு திரும்பப் பெறப்படுவதுதான் இத்தகைய மசோதாக்களின் வழக்கமான விதி. குடியரசு தொடங்கியது முதல் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன. 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்தப் பதினான்கில் ஒன்றுதான் 1956ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நடவடிக்கைகள் (வெளியீட்டுப் பாதுகாப்பு) சட்டம். இரு அவைகளின் நடவடிக்கைகளைச் சாராம்சத்தில் உண்மையாக வெளியிடும் செய்திக்காக யார் மீதும் வழக்குத் தொடர முடியாது என்றது அது. தீய நோக்கோடு வெளியிட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. வானொலிக்கும் இது பொருந்தும். மாநிலச் சட்டமன்றங்கள் இதில் சேரவில்லை.

முந்த்ரா விவகாரம், 1957–58

தேசியமயத்துக்கு வாதாடிய அதே மனிதர், தேசியமயமான நிறுவனம் இரண்டு வயதைத் தாண்டுவதற்குள் அதையே கூண்டில் ஏற்றினார். 1957 ஜூனில் எல்.ஐ.சி., கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. ஜெஸ்ஸப், ரிச்சர்ட்சன் குருடாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அவற்றில் சில. முந்த்ரா கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். பங்குகள் சந்தை விலையைவிட அதிக விலைக்கு வாங்கப்பட்டன, எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை.

கேள்வி நேரத்தில் வந்த விடைகள் உறுப்பினர்களுக்குத் திருப்தி தரவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் விவாதத்தைத் தொடங்கினார். தன் மனத்துக்குள் எழுந்த கலகமே பேச வைத்ததாகவும், இவ்வளவு பெரிய காரியம் நடக்கும்போது மௌனம் குற்றமாகிவிடும் என்றும் சொல்லி ஆரம்பித்தார். நாடாளுமன்றம் தானே படைத்த மிகப்பெரிய நிதி நிறுவனத்தைக் கண்காணிக்கும் கடமை நாடாளுமன்றத்துக்கே உண்டு என்பது அவர் வாதத்தின் அச்சாணி. நிதி அமைச்சருக்கும் நிதித்துறை முதன்மைச் செயலர் எச்.எம். படேலுக்கும் இடையே நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்து அவர் கையில் இருந்தது. பங்குகளின் விலை எந்த நாளில் எவ்வளவு இருந்தது, வாங்கிய விலை என்ன என்று ஒப்பிட்டு வைத்தார். எதிரே இருந்தது தன் மாமனாரின் அமைச்சரவை; அதைப் பற்றிய தயக்கம் பேச்சில் இல்லை.

அரசு விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா 1958 ஜனவரியில் நியமிக்கப்பட்டு, ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி 10 அன்று அறிக்கையைக் கொடுத்துவிட்டார். இன்றைய ஆணையங்களின் கால அளவுக்குப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமான வேகம். விசாரணை பொதுமக்கள் முன் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. செயலர் செய்த காரியத்துக்கு அமைச்சரே அரசியல் சட்ட ரீதியான பொறுப்பு ஏற்க வேண்டும் என்று சாக்ளா முடிவு கூறினார். தான் ஒப்புதல் தரவில்லை என்ற நிலையிலேயே நின்ற கிருஷ்ணமாச்சாரி அந்த மாதமே பதவி விலகினார். வரவு செலவுத் திட்டத்துக்குச் சில நாட்களே இருந்ததால் பிப்ரவரி 28 அன்று நேருவே அதைத் தாக்கல் செய்தார். மார்ச்சில் மொரார்ஜி தேசாய் நிதித்துறைக்கு வந்தார். கிருஷ்ணமாச்சாரியின் வீழ்ச்சி நிரந்தரமாக இருக்கவில்லை. 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, மறு ஆண்டு மீண்டும் நிதி அமைச்சரானார்.

பெரோஸ் டாட்டா குழுமத்தின் டெல்கோவையும் விடவில்லை. ரயில்வேக்கு அது விற்ற நீராவி என்ஜின்களின் விலை ஜப்பானிய என்ஜினைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு என்று வாதிட்டு, அதைத் தேசியமயமாக்க வேண்டும் என்றார். டாட்டாக்களும் பார்சிகள் என்பதால் சொந்தச் சமூகத்தில் சிலருக்கு இது கசந்தது. இந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை.

பின்னாளில்

1960 செப்டம்பர் 8 அன்று, 48ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, டெல்லி வில்லிங்டன் மருத்துவமனையில் மாரடைப்பால் பெரோஸ் காந்தி இறந்தார். ரேபரேலி தொகுதியில் 1967இல் இந்திரா காந்தி வென்றார். நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பரில் அவசரச் சட்டம் மூலமும், 1976 பிப்ரவரியில் முறையான சட்டம் மூலமும், பெரோஸின் பத்திரிகைச் சட்டத்தை இந்திராவின் அரசு நீக்கியது. 1977இல் வந்த ஜனதா அரசு அதை மீண்டும் இயற்றியது. மறு ஆண்டு 44ஆம் திருத்தம், 361ஏ பிரிவின் வழியாக, அதே பாதுகாப்பை அரசியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து சட்டமன்றங்களுக்கும் விரித்தது. அந்த ஜனதா அரசின் நிதி அமைச்சர், முந்த்ரா விவகாரத்தில் செயலராக இருந்த எச்.எம். படேல்.