படியரிசியும் பிடியரிசியும்: தூத்துக்குடியில் வீட்டுச் செலவு சுருங்கிய வரலாறு

தூத்துக்குடி தனக்கு வேண்டிய அரிசியைத் தன் மண்ணில் விளைவித்துக்கொள்ள முடியாத ஊர். நகரின் வடக்கிலும் மேற்கிலும் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் கரிசல் காடு. தெற்கே திருச்செந்தூர் நோக்கிச் சென்றால் பனைகள் நிற்கும் செம்மணல் தேரி. கரையோரம் முழுவதும் உப்பளம். நெல் தாமிரபரணிப் பாசனத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். 1873இல் கட்டிமுடிக்கப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கால்வாய்களில், தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய 'கார்', வடகிழக்குப் பருவத்தை ஒட்டிய 'பிசானம்' என்னும் இரு போகங்களில் அது விளைந்தது. போதாக்குறைக்குப் பர்மா அரிசி கடல்வழியே இறங்கியது. மேற்கே மழை பொய்த்தாலும், கடலுக்கு அப்பால் போர் மூண்டு கப்பல் நின்றாலும், இவ்வூர்க் கடைத்தெருவில் படியரிசியின் விலை ஏறிவிடும். கடற்கரைத் தெருக்கள் முதல் பாளையங்கோட்டைச் சாலையையொட்டிய மில்லர்புரம் வரை, இந்நகரத்துக் குடும்பங்கள் செலவைச் சுருக்கிய வரலாற்றை இந்த அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும்.

விலை ஏறும்போது கூலிக்காரக் குடும்பம் எதை முதலில் குறைத்தது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. அரிசிச் சோறு ஒரு வேளையாகக் குறைந்து, மற்ற வேளைகளில் கம்பங்கூழும் சோளச்சோறும் வந்தன. முழு அரிசி வாங்கிய வீடு நொய்க்கு இறங்கியது. பச்சை மீன் வாங்கிய வீடு கருவாட்டுக்கு மாறியது. விளக்கெண்ணெயை மிச்சப்படுத்தப் பொழுது சாயுமுன்பே இராச்சாப்பாடு முடிந்தது. தீபாவளிக்கோ கிறிஸ்துமசுக்கோ எடுக்கும் துணி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. தேரிக்காட்டு ஊர்களில் பனை கைகொடுத்தது. பதநீர் இறங்கும் மாதங்களில் காலை உணவின் இடத்தைப் பதநீரே பெரும்பாலும் நிரப்பியது. காய்ச்சி வைத்த கருப்பட்டி விற்பனைச் சரக்காகவும் வீட்டின் சேமிப்பாகவும் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் முட்டு தீராவிட்டால்தான் நகை அடகுக்குப் போயிற்று.

இந்தச் சிக்கனத்தின் கருவி மிக எளியது. உலையில் இடுவதற்கு உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டியபின், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது பெண்களின் வழக்கம். 'பிடியரிசி' எனப்படும் இது, சமைப்பவர் கைக்கு மட்டுமே தெரிந்த சேமிப்பு. வீட்டில் கூலி வராத நாளில் அந்தக் கலயமே அடுப்பை எரியவைத்தது. திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தக் கிறித்தவத் திருச்சபைகள் இதே வழக்கத்தைக் காணிக்கையாக ஏற்று, வீடுதோறும் சேர்ந்த பிடியரிசியைச் சபைப் பணிக்குப் பயன்படுத்தின. ஆனால், அந்த ஒரு பிடி யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வியைச் சிக்கனத்தைப் புகழ்ந்தோர் அரிதாகவே கேட்டனர். கணவரும் பிள்ளைகளும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வீட்டில், உலையில் குறைந்த அரிசி கடைசியாக உண்பவரின் வயிற்றில்தான் குறைந்திருக்கும். குடும்பச் செலவின் வரலாற்றை எழுதுவோர் மறக்கக் கூடாத செய்தி இது.

வணிகரிடையே இதற்கு இணையான ஓர் ஏற்பாடு 'மகமை' ஆகும். வாங்கும், விற்கும் சரக்கின் அளவுக்கேற்பச் சிறு தொகையை ஒதுக்கி உறவின்முறை எனப்படும் சாதிச் சங்கத்தின் பொதுநிதியில் சேர்ப்பதே மகமை. நாடார் வணிகர்கள் இந்நிதியால் பள்ளிகளை நடத்தினர். சிறு தொகைகளைச் சேர்த்துப் பெருமுதல் ஆக்கும் அந்தப் பழக்கத்துக்கு வெகு அருகில் நிற்பது 1921இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட நாடார் வங்கி. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது.

கூலியே போதாத வீட்டில் எதையும் மிச்சம் பிடிக்க இயலாது என்பதை 1908ஆம் ஆண்டு பகிரங்கமாக்கியது. ஹார்வி சகோதரர்களின் கோரல் நூற்பாலை 1888 முதல் இங்கு இயங்கிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இந்தியா முழுவதும் தானிய விலை ஏறிக்கொண்டே சென்றது; அதை ஆராயவே அரசு ஒரு விசாரணைக் குழுவை அமர்த்தி, அதன் அறிக்கையை 1914இல் வெளியிட்டது. ஆனால் ஆலைத் தொழிலாளரின் கூலி அந்த வேகத்தில் உயரவில்லை. வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது; சுதேசி இயக்கத் தலைவர்களான வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதை வழிநடத்தினர். அன்றாடக் கூலியில் அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பம் வேலைநிறுத்தத்தை எத்தனை நாள் தாங்கும் என்பதே முதலாளிகளின் கணக்காக இருந்திருக்கும். அந்தக் கணக்கு பொய்த்தது. நகர மக்கள் பொருள் கொடுத்தனர், வேலை கொடுத்தனர், தொழிலாளர் பக்கம் நின்றனர். மார்ச் மாதத் தொடக்கத்தில் கூலி உயர்வுக்கும், வேலைநேரக் குறைப்புக்கும், ஞாயிறு விடுமுறைக்கும் நிர்வாகம் இணங்கியது. மார்ச் 12இல் தலைவர்கள் இருவரும் கைதாயினர். சுதேசி இயக்கத்தின் அரசியல் நிகழ்வாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. வீட்டு அடுப்பின் கோரிக்கையாகவும் இதைப் படிப்பதே நேர்மை.

முதல் உலகப் போரின் இறுதியில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறி, 1918 செப்டம்பரில் சென்னை நகரில் கடைகள் சூறையாடப்படும் அளவுக்கு நிலைமை முற்றியது. இரண்டாம் போரில் அடி நேரடியாகக் கடல்வழியே வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும், ஆண்டுதோறும் இந்தியாவுக்கு வந்த 10 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பர்மா அரிசி நின்றுபோனது. 1943 முதல் சென்னை மாகாணத்தில் பங்கீட்டு முறை, அதாவது தலைக்கு இவ்வளவு என அரசு அளந்து கொடுக்கும் ரேஷன், பரவியது. 1946இல் நாடெங்கும் பெரியவர் ஒருவருக்கான நாளளவு 12 அவுன்ஸ் தானியமாக, அதாவது ஏறத்தாழ 340 கிராமாகக் குறைக்கப்பட்டது. கடும் உடலுழைப்பு செய்பவருக்கு அது போதாது; பழக்கமில்லாத கோதுமையும், மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் நெடுங்காலமாக உண்டுவந்த மரவள்ளிக் கிழங்கும் தமிழக அடுப்புகளில் ஏறிய காலம் அது. ஆயினும் ஒரு வகையில் இது பெரிய மாற்றம். அதுவரை வீட்டுக்குள் ஒரு பெண் மட்டும் போட்டுவந்த அளவுக் கணக்கு, முதன்முறையாக அரசின் பொறுப்பாகவும் ஆயிற்று. போர்க்காலத்தில் நிலைபெற்ற 'பஞ்சப்படி', அதாவது விலைவாசி உயர்வுக்கு ஈடாகச் சம்பளத்துடன் சேர்த்துத் தரப்படும் தொகை, ஆலைத் தொழிலாளருக்கும் அரசு ஊழியருக்கும் ஓரளவு காப்பானது. உப்பளத்தில் உப்பு வாரியவருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தினக்கூலிக்கும், முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியவருக்கும் அத்தகைய காப்பு இல்லை.

1952 ஜூன் மாதம் இராஜாஜி அரசு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. அறுபதுகளின் நடுவில் மீண்டும் தட்டுப்பாடு வந்தபோது, திங்கள் இரவு உணவைத் தவிர்க்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1965இல் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே பல இரவுகள் உணவைத் தவிர்த்த வீடுகளுக்கு அந்த வேண்டுகோளில் புதிதாக ஒன்றும் இல்லை. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற தி.மு.க.வின் வாக்குறுதி பெற்ற வரவேற்புக்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டின் கீழுள்ளவர்களை இலக்காக்கிப் பங்கீட்டைப் பிரித்தபோதும், தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையின்றி அரிசி கிடைக்கிறது. இதன் விளைவாகக் குடும்பச் செலவின் அழுத்தம் அரிசியிலிருந்து பருப்பு, எண்ணெய், காய்கறி, சமையல் எரிவாயு, வாடகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு இடம் மாறியது.

இக்கடற்கரையில் தீராமல் நிற்பது பருவக் கூலியின் சிக்கல். வடகிழக்கு மழை இறங்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பளப் பாத்திகள் நீரில் மூழ்க, வேலை அநேகமாக நின்றுபோகிறது. முன்பணமாக வாங்கிய கடனை அடுத்த பருவக் கூலியில் கழிப்பதே பல குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். கடலிலும் இதே நிலை. 2001இல் 45 நாளாக இருந்த விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாளாக நீண்டது. மீன்வரத்து குறைந்த மாதங்களுக்கென வந்த சேமிப்பு - நிவாரணத் திட்டத்தில், மீனவர் குடும்பம் 1,500 ரூபாய் சேர்த்தால் மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. தமிழ்நாட்டில் மீனவப் பெண்களுக்கும் தனியே இது விரிவாக்கப்பட்டுள்ளதால், கலயத்தில் ஒரு பிடி போட்டுவந்தவரின் பெயரிலேயே இன்று வங்கிக் கணக்கு உள்ளது.