சி மவுத் ஆர்கன்ல ஜி பாட்டு வாசிக்கலாமா?

மவுத் ஆர்கன் வாங்கப் போறீங்களா? 'என்ன கீ வேணும்?'னு கடைக்காரர் கேட்டா, தயங்காம 'சி'ன்னு சொல்லுங்க. 10 துளை டயட்டானிக்கா இருக்கட்டும். ஆனா, மேல 'சி'ன்னு பொறிச்சிருக்கிறதால சி பாட்டு மட்டும்தான் வாசிக்கணும்னு இல்லை. எந்த ஸ்வரத்தை 'ச'வா வெச்சுக்கிறீங்க என்பதுதான் விஷயம். அதுக்குப் பேர்தான் பொசிஷன்.

4-வது துளையில ஊதி ஆரம்பிச்சு 7 வரை போங்க. நம்ம சங்கராபரணம் அப்படியே வரும். இது முதல் பொசிஷன். ஃபோக் பாட்டு, எளிமையான மெலடிக்கு இது போதும். பாப் டிலன், நீல் யங் எல்லாம் கழுத்துல ஸ்டாண்டை மாட்டிக்கிட்டு வாசிப்பது பெரும்பாலும் இப்படித்தான். கீழே 1 முதல் 3 துளைகள்ல 'ம', 'த' கிடையாது. அங்கே மெலடி தேடாதீங்க.

ப்ளூஸ் வேணும்னா ரெண்டாவது பொசிஷன். 2-வது துளையை உறிஞ்சினா ஜி வரும். அதுதான் இப்போ உங்க 'ச'. ஏன் இந்தச் சுத்து வழி? உறிஞ்சும்போது நாக்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தா ஸ்வரம் வளைஞ்சு இறங்கும். அப்படி நல்லா வளையுற 2, 3, 4-வது துளைகள் ஜி-க்குத் தேவையான இடத்திலேயே இருக்கு. ப்ளூஸோட அந்த அழுகை அங்கிருந்துதான் வருது. மேல் ஸ்தாயியில 6-ல ஊதி 9 வரை போனா, ஹரிகாம்போஜி!

கணக்கு ரொம்ப சிம்பிள். பாட்டோட கீ 'ச'ன்னா, அதோட சுத்த மத்யமம் எதுவோ அந்த ஹார்மோனிகாவை எடுங்க. கிட்டார் நண்பர் இ-யில வாசிச்சா உங்களுக்கு ஏ. அவர் ஏ-ன்னா உங்களுக்கு டி. இது தெரியாம இ ஹார்மோனிகா வாங்கிட்டு, 'ப்ளூஸ் வரவே மாட்டேங்குதே'ன்னு புலம்புறது வீண் செலவு.

சோகமான மைனர் மெட்டா? 4-வது துளையை உறிஞ்சி, டி-யிலிருந்து தொடங்குங்க. 8-வது வரை முழு கரஹரப்பிரியா. மூணாவது பொசிஷன் இது. லிட்டில் வால்டர் ப்ளூஸுக்கே இதையும் பயன்படுத்தினவர்.

ரெண்டாவதா வாங்குறது ஏ-வா இருக்கட்டும். வழக்கமான செட்ல ஜி-தான் கனமான குரல், எஃப் கீச்சுன்னு இருக்கும். அந்நிய ஸ்வரம் நிறைய வர்ற சினிமா பாட்டுன்னா, பக்கத்துல பட்டன் வெச்ச குரோமாட்டிக்தான் சரி. ரெட்டை வரிசைத் துளையோட விலை குறைவா கிடைக்கிற ட்ரெமலோ கேட்க இனிமையா இருக்கும். ஆனா, ப்ளூஸுக்கு வளைக்க அது ஒத்துழைக்காது.